நேர்ச்சைக் கஞ்சி

என் மகளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒரு கண்ணால் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். வாய் சிரித்தது. வலது கண் தெளிந்திருந்தது. இடது கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்து கன்னத்தில் பளபளப்பாகக் காய்ந்து கிடந்தது. இமை மயிர்கள் மஞ்சள் பீளையில் ஒட்டிக் குச்சி குச்சியாக நின்றன.

அப்போது அவளுக்கு ஏழு மாதம். அவள் பிறந்தபோது நான் ரத்னகிரியில் யாருடையதோ ஒரு விசைப்படகில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கொச்சியில் ஓட்டல் அடுக்களை, அதற்கும் முன் குழித்துறைக்குக் கிழக்கே ரப்பர் வெட்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல ஒரு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அப்படித்தான் இருந்தேன்.

நான் ரப்பர் தோட்டப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் சபைக்காரன். மனைவி புதுக்கடைக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊரிலேயே இருந்துவிட்டோம். இருந்துவிட்டோம் என்று சொல்வது சரியில்லை, அவள் இருந்தாள். ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள், மற்றதில் மனைவியின் அக்கா. எனக்கு மைனி. மைனியின் கணவர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் போகிறவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோவார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் பேச்சு கிடையாது. மைனி கரையில் மீன் எடுத்துப் புதுக்கடைச் சந்தையில் விற்றாள்.

நான் வந்த மறுநாள் காலையில் சாயாக்கடைக்குப் போனேன். சந்தைக்குப் போகும் வேனுக்காக மீன்காரப் பெண்கள் மீன் சுமக்கும் வட்டைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார்கள்.

"ஏட்டி, ரத்னகிரிக்காரன் வந்துட்டான் பாத்தியா? இனி அந்தப் பிள்ளைக்க கண்ணீரு நின்னுரும்."

"எங்க நிக்க? ஒரு கண்ணுதானே அப்பன நெனச்சு அழுதுட்டு கெடந்து. மற்றக் கண்ணுக்கு அப்பமே தெரியும், இவனால ஒரு பிரயோஜனமும் கெடையாதுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய?

அதற்குள் என் மனைவி செய்யாதது எதுவும் இல்லை. தாய்ப்பாலை ஒரு சொட்டு கண்ணில் விட்டால் சரியாகும் என்றார்கள். விட்டாள், பீளை கூடியது. கண்ணேறு என்று ஓலையைக் கொளுத்திச் சுற்றினார்கள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதைப் போடும் மட்டும் கண் தெளியும், குப்பி தீர்ந்ததும் பழையபடி ஆகும். காலையில் கண் திறக்காமல் ஒட்டிக்கொண்டு பிள்ளை கத்தும். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றித் திறக்க வேண்டும்.

நாகர்கோவிலில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். மைனியும் வந்தாள். டாக்டர் ஒரு தாளில் கண்ணையும் மூக்கையும் வரைந்து காட்டினார். கண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அது போக ஒரு வழி வேண்டும், கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு குழாய் இறங்குகிறது, அதுதான் வழி என்றார். அந்தக் குழாயின் கீழ்வாசலில் ஒரு சவ்வு உண்டு. பிறக்கிற சமயத்தில் அது தானாகக் கிழிந்துவிடும். இவளுக்குக் கிழியவில்லை. அதனால் நீர் தேங்கி, தேங்கியது அழுகி, பீளையாக மேலே வருகிறது.

"பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஒரு வயசுக்குள்ள தானா திறந்திரும். அதுவரை தினமும் அமுக்கிவிடணும். அப்பவும் திறக்கலன்னா மயக்கம் குடுத்து ஒரு மெல்லிய கம்பியை உள்ள விட்டுத் திறக்கலாம். சின்ன வேலைதான். ஆனா ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது. வளர வளர அந்தக் கம்பிக்கு வழிவிடாது" என்றார்.

அமுக்குவது எப்படி என்று நர்ஸ் என் மனைவியின் விரலைப் பிடித்துக் காட்டினாள். கண்மூலையில் மூக்கெலும்பை ஒட்டி விரல்நுனியை வைத்து, அழுத்திக் கீழே இழுக்க வேண்டும். பிள்ளை வீரிட்டது. மனைவி விரலை எடுத்துவிட்டாள்.

"பயந்து தடவிட்டிருந்தா தொறக்காது மக்கா. அமுக்கணும்" என்றாள் நர்ஸ்.

"இஞ்ச தா, நான் பாக்கேன்" என்று மைனி கையை நீட்டினாள். நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் செதில் இருந்தது. "முதல்ல நகம் வெட்டணும். சோப்புப் போட்டுக் கழுவணும்" என்றாள்.

அன்றிலிருந்து அது மைனியின் வேலையாகிவிட்டது. சந்தையிலிருந்து வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து சோப்பைப் போட்டுத் தேய்ப்பாள், எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள், மறுபடியும் சோப்பு. சாளையும் அயிலையும் அள்ளிய கை அவ்வளவு லேசில் வாடை விடாது.

"பிள்ளைக்க மூக்குகிட்ட கொண்டு போறியே, வாடையில மயங்கிராதா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

"மயங்குனா நல்லதுதானே. டாக்டருக்கு மருந்து மிச்சம்" என்பாள் மைனி.

மடியில் கிடத்தி, தலையை இரண்டு தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு அமுக்குவாள். கண்மூலையிலிருந்து சீழ் எழும்பி வரும். துடைத்துவிட்டு மறுபடியும் அமுக்குவாள். பிள்ளை முதலில் கத்தியது, பிறகு முனகியது, பிறகு அவள் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு கிடந்தது. நான் செங்கல் லாரியில் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் ஊரை விட்டு நகரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வயது முடிந்தது. கண் திறக்கவில்லை. கம்பி விட நாள் குறித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா மாதத்தில் ஒரு நாள்தான் அங்கே வருவார், அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். நர்ஸ் எங்கள் மூன்று பேரையும் நிறுத்திச் சொன்னாள்: "ராத்திரி நல்லா சாப்பாடு குடுங்க. விடியறதுக்கு முன்ன ஒரு தடவை தாய்ப்பால். அதுக்குப் பெறவு ஆப்பரேசன் முடியற வரை பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. பால், பிஸ்கட், ஒண்ணும் கெடையாது. கேட்டுச்சா?" கேட்டோம். மைனி திருப்பிச் சொல்லிக்கூடக் காட்டினாள்.

அந்த நாள் விடியும்போது புறப்பட்டோம். புதுக்கடைக்கு ஒரு பஸ், அங்கிருந்து தக்கலைக்கு ஒன்று, பிறகு நாகர்கோவில். ரோடு திரும்பும் இடத்தில் ஒரு குருசடி உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் சிலுவை, அதன் கீழே மெழுகு உருகி ஒழுகிய கல். பெண்கள் இருவரும் அங்கே நின்று மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். எனக்கு அதில் வழக்கம் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்க நான் ரோட்டுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது மனைவி முழங்காலில் நின்றாள். மைனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்ததும் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் ஒருமுறை கேட்டார்கள், பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று. உள்ளே எடை பார்க்கும்போது ஒருமுறை கேட்டார்கள். இல்லை என்றோம். பிள்ளைக்குப் பச்சைச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அது கால்வரை தொங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தார்கள். அவனுக்கும் இதே வேலைதான். இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. ஒரு சாயா குடித்துத் தீர்வதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு மயக்க டாக்டரம்மா வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டையான குச்சியை நாக்கில் வைத்தார். பிள்ளை அழுதது, ஓங்கரித்தது, பச்சைச் சட்டை முழுக்க வாந்தி எடுத்தது.

வெள்ளையாக, தண்ணியாக வந்தது. நடுவே பாதி மசிந்த ஒரு சிறுபயறு. டாக்டரம்மா அதைப் பஞ்சால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

மனைவி பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல்ல டாக்டரம்மா" என்றாள் மைனி.

"அப்ப இந்தப் பயறு வயித்துக்குள்ள தானா முளைச்சுதா?"

மைனி அந்தப் பஞ்சைப் பார்த்தாள். "ஓ, அதா? அது நேர்ச்சைக் கஞ்சியாக்கும். குருசடியில வச்சு ரெண்டு கரண்டி குடுத்தேன். நல்லபடியா முடியட்டும்னு நேந்தது."

"பின்ன ஏன் ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னீங்க?"

"தீனி ஒண்ணும் குடுக்கல்லியே. இது நேர்ச்சையில்லியா!"

மைனி வாதாடவில்லை. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே என்று உண்மையிலேயே திகைத்துப்போய் நின்றாள். முந்தின நாள் மாலை கோயிலில் கஞ்சி ஊற்றியிருந்தார்கள். அரிசியும் பயறும் தேங்காய்ப்பூவும் போட்டுக் காய்ச்சி, யாரோ ஒருவரின் வேண்டுதலுக்காக எல்லாருக்கும் ஊற்றுவது. தீனக்காரருக்கு, நோயில் கிடப்பவருக்கு என்று ஒரு பங்கு வாங்கி வைப்பதும் அங்கே வழக்கம். மைனி அதைத் தூக்குச்சட்டியில் மூடி வைத்திருந்து காலையில் பையில் எடுத்து வந்திருக்கிறாள். எங்கள் சபையிலும் திருநாளில் அசனம் உண்டு. அதை நாங்கள் சோறு என்றுதான் சொல்வோம், வயிறு புடைக்கத் தின்போம். இவர்களுக்கு நேர்ச்சை அப்படியல்ல. அது வயிற்றுக்குப் போவதில்லை, வேறு எங்கோ போகிறது. நர்ஸ் பாலைச் சொன்னாள், பிஸ்கட்டைச் சொன்னாள். நேர்ச்சையைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு எப்படித் தோன்றும்?

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் சொன்னார்: "மயக்கம் குடுத்தா தொண்டை காவல் காக்காதும்மா. வயித்துல உள்ளது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும். இது இப்ப வராம அப்புறம் வந்திருந்தா, பிள்ளையை நாங்க உங்க கையில குடுத்திருக்க மாட்டோம்."

அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள்.

பஸ் ஏறினோம். மைனி இரண்டுமுறை பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். மனைவி கொடுக்கவில்லை. முற்றத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனி எனக்க பிள்ளையத் தொடாத."

"ஏட்டி, நான் அறிஞ்சிட்டா செஞ்சேன்..."

"கொல்லப் பாத்தியே. ஒனக்கில்லாத்தது எனக்கும் வேண்டாமுன்னு நெனச்சியா?"

மைனி நின்ற இடத்திலேயே நின்றாள். கஞ்சி கொண்டுபோன தூக்குச்சட்டி இருந்த பை அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு தன் வீட்டுக்குள் போனாள். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இரவில் மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பிள்ளைக்குச் சளி. ஆனி மாதச் சாரல், வீடெல்லாம் ஈரம். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துவிட்டுத் தலையசைத்தார், மயக்கம் கொடுக்க முடியாது. அதற்கடுத்த மாதமும் சளி விடவில்லை. அதற்கும் அடுத்த மாதம் டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். எனக்குக் கால் அரித்தது, கொச்சிக்குப் போய்விட்டேன். நான் இருந்திருந்தாலும் சளி வந்திருக்கும்.

கண்ணை அமுக்கும் வேலையை மனைவி செய்தாள். பிள்ளை கத்தினால் நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மைனி தன் வீட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அந்தச் சத்தம் நிற்கும்வரை வாசலில் நிற்பாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். நல்ல மீன் கிடைத்த நாளில் வாழையிலையில் சுற்றி எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போவாள். மனைவி அதை எடுத்துக் கறி வைப்பாள். ஆனால் பேச மாட்டாள்.

கொச்சியில் இருந்தபோது போன் வந்தது. கண்மூலையில் சிவப்பாக ஒரு கட்டி என்றாள் மனைவி. முதலில் பயறு அளவு, மூன்றாம் நாள் புளியங்கொட்டை அளவு, கடுங்காய்ச்சல். நான் வந்து சேர்ந்தபோது பிள்ளையின் முகத்தில் பாதி வீங்கிக் கண்ணே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். தேங்கிய சீழ் பைக்குள்ளேயே பழுத்துவிட்டது என்றார்கள். ஒரு காலையில் கட்டி தானே உடைந்தது. கன்னத்தில் ஒழுகியதை நான்தான் துடைத்தேன். நாற்றம் அடித்தது. ஆறிய பிறகு மூக்கின் பக்கத்தில் அம்மைத் தழும்பு போல ஒரு குழி நின்றது, இப்போதும் நிற்கிறது.

எல்லாம் முழுதாக ஆறாமல் கம்பி விட முடியாது என்றார் டாக்டர். அதற்குள் மறுபடியும் ஒருமுறை பழுத்தது. இப்படியே பிள்ளைக்கு இரண்டரை வயதாகிவிட்டது.

மறுபடியும் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின மாலை நான் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது மைனி வந்தாள்.

"தம்பி, டாக்டர்ட்ட ஒண்ணு கேப்பியா?"

"என்ன மைனி?"

"அண்ணைக்கே செஞ்சிருந்தா தொறந்திருக்குமான்னு கேக்கணும்."

"நாளைக்கே தொறந்துட்டா பின்ன அது எதுக்கு?"

"தொறக்கட்டு. எனக்க மாதாவே, தொறக்கட்டு. ஆனாலும் கேளு."

கேட்கிறேன் என்றேன். வருகிறாயா என்று நான் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்தமுறை பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. அதுதான் பெரிய பாடாகிவிட்டது. விடிந்ததிலிருந்து "வெள்ளம் தா, வெள்ளம் தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி தண்ணீர்ப் பானையின் மேல் துணியைப் போட்டு மூடினாள். தக்கலை பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த அம்மாள் பிள்ளையின் அழுகையைப் பார்த்து ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் பிஸ்கட் கீழே விழுந்தது.

"இது நல்ல தாயிதான்! ஒரு பிஸ்கட்டுக்கா இந்தப் பாடு? நான் என்ன வெஷமா வச்சிருக்கேன்?"

"ஆஸ்பத்திரிக்கு அம்மா, ஆப்பரேசனுக்கு" என்றேன் நான்.

"அத வாயால சொல்லப்பிடாதா? கையால சொல்லுதா" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் பையை இறுக்கிக் கட்டினாள். பிறகு நாகர்கோவில் வரும்வரை பிள்ளைக்கு முன்னால் தானும் எதையும் தின்னவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே கேள்வியைக் கேட்டார்கள். மனைவி, "வெள்ளம் கூட இல்ல. நேர்ச்சை இல்ல. எச்சில்கூட அவ முழுங்கினதுதான்" என்றாள். சீட்டுப் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கதவுக்குள் கொண்டுபோனார்கள். முன்பு அந்தப் பையனுக்கு ஆனது போல இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மனைவி ஜெபமாலையை உருட்டினாள். நான் மாடிப்படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, விழித்துக்கொண்டிருக்கிறாள் என்று முதலில் சொன்னார். அவர் அப்படிச் சொல்லத் தொடங்கியதும் மற்றது எனக்குத் தெரிந்துவிட்டது.

"கம்பி போகல. கீழ எலும்புல தட்டுது. மெல்லிசா ஒரு குழாய் வைக்கலாமான்னும் பார்த்தோம், முடியல. இனி நாலஞ்சு வயசாகட்டும். எலும்புல வழி உண்டாக்கிப் பெரிய ஆப்பரேசனா செய்யணும். அதுவரை கண்ணைச் சுத்தமா வச்சுக்கங்க. வீங்கினா உடனே வாங்க."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மனைவி பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் முகமூடியை மடித்துக்கொண்டே சொன்னார். "அது இப்ப யாராலயும் சொல்ல முடியாது. சில பிள்ளைங்களுக்குப் பிறக்கும்போதே எலும்பு அடைஞ்சிருக்கும், அப்ப செஞ்சிருந்தாலும் திறந்திருக்காது. சிலருக்குச் சவ்வு மட்டும்தான் இருக்கும். அப்புறம் பழுத்துப் பழுத்து உள்ள எல்லாம் ஒட்டிப்போகும். இன்னைக்கு உள்ள கம்பி விட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் தட்டும்."

மாலையில் வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் என் சட்டையில் பட்டுக் காய்ந்திருந்தது. மைனி முற்றத்தில் நின்றாள். அன்று அவள் சந்தைக்குப் போகவில்லை. வட்டை வெயிலில் கவிழ்ந்து கிடந்தது.

"தொறந்துதா தம்பி?"

"இல்ல மைனி. எலும்பு அடைச்சிருக்காம். இன்னும் வளரட்டு, பெரிய ஆப்பரேசன் வேணுமாம்."

அவள் என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "நான் கேக்கச் சொன்னது?"

"கேட்டேன். சொல்ல முடியாதாம்."

"சொல்ல முடியாதுன்னா?"

"அண்ணைக்குச் செஞ்சிருந்தா தொறந்திருக்கலாம். தொறக்காமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாதாம்."

ஆம் என்றிருந்தால் அவள் அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தாலும் அழுதிருப்பாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மனைவி என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகப் போகிறாள் என்று நினைத்தேன். படியில் காலை வைத்தவள் நின்று, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நானும் பாத்தேன்."

"எதை?"

"குருசடியில நீ கஞ்சி குடுத்தத. நான் கண்ண மூடிட்டு நின்னேன்னு நீ நெனச்சிருப்ப. மூடல்ல. ரெண்டு கரண்டியையும் பாத்தேன். எனக்கும் அது தீனின்னு தோணல்ல."

ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கும் அப்போதுதான் தெரியும்.

இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், இதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"பாத்துட்டா ஏட்டி அந்த வார்த்தைய என்னப் பாத்துச் சொன்ன?" என்றாள் மைனி. குரல் உயரவில்லை. "பழி சொமக்க ஒருத்தி போதுமுன்னு வச்சிட்ட, இல்லியா?"

பிள்ளை தூக்கத்தில் அசைந்தாள். மைனி கவிழ்ந்து கிடந்த வட்டையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டாள்.

இப்போது மகளுக்கு நான்கு வயது நடக்கிறது. பெரிய அறுவைக்கு அடுத்த கோடையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டுமுறை வெளியே போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், மழை வருமா, உப்பு இருக்கா என்கிற அளவுக்கு. மகள் இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறாள். மைனி அவளுக்குத் தலை சீவிவிடுவாள், சட்டை மாற்றிவிடுவாள். தின்ன ஏதாவது கேட்டால் மட்டும், "ஒனக்க அம்மைட்ட கேளு மக்கா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அறுவைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை.